ஹவில்தார் பெரியப்பாவும் ஊர்ப் பெண்களின் காகிதங்களும்

வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டாளத்துக்குப் போவது புதுச் செய்தியே கிடையாது. எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்பா போனார், மகன் போனான், பேரன் இப்போது ஏரிக்கரையில் ஓடிப் பழகுகிறான் என்பதுதான் பல வீடுகளின் கதை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914-18 உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். காய்கறிப் பையோடு போகிற கூட்டத்தில் அதை நின்று படிப்பவர்கள் குறைவு.

போனவர்களின் எண்ணிக்கையாவது கல்லில் இருக்கிறது. திரும்பி வந்தவர்கள் செத்த பிறகு அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் ஹவில்தார் பெரியப்பா. எனக்கு ரத்த சொந்தம் இல்லை, பக்கத்துத் தெருக்காரர். ஊரில் பாதிப் பேருக்குப் பெரியப்பா, மீதிப் பேருக்கு ஹவில்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்த நாளிலிருந்து உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கென்றே கிடந்தது. 'ஹவில்தார் வாடகை கொடுக்காமல் ஆபீஸ் நடத்துகிறார்' என்று ஊரில் கேலி பேசுவார்கள். வாடகை கொடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஜெராக்ஸ் மிஷின் ஓடியதே அவரால்தான்.

அவர் 1966-ல் பதினெட்டு வயதில் சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) சென்டரில் பயிற்சி. 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு அது. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது என்று சண்டைக்கு முன்னாலும் பின்னாலும் வேலை இருக்கிற ஆட்கள். வடக்கத்தி ரெஜிமெண்ட்காரர்கள்கூட இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு ஒரு பெருமிதம் வரும். 24 வருஷ சர்வீஸ் முடித்து 1990-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். கொஞ்ச காலம் வேலூரில் ஒரு வங்கியில் செக்யூரிட்டி வேலை. அதையும் விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, பென்ஷன். வேறு வருமானம் இல்லை.

காகித வேலையில் அவர் இறங்கியதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்தவர்களின் மனைவிகள். 1990-களில் ஊரில் அப்படிச் சில கிழவிகள் இருந்தார்கள். அந்தப் போருக்கு எடுத்த ஆட்களில் பெரும்பாலோரை 1946-ஐ ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷனுக்கு 15 வருஷ சர்வீஸ் வேண்டும். இவர்களுக்கு அது இல்லை, அதனால் பென்ஷனும் இல்லை. மாநில அரசு அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாதாமாதம் ஒரு உதவித்தொகை தருகிறது என்பதே அந்தக் கிழவிகளுக்குத் தெரியாது. பெரியப்பா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வேலூரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். பழைய ஆட்கள் அதைச் 'சோல்ஜர் போர்டு' என்பார்கள். அடுத்த வாரம் வாசலில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். அப்புறம் அது நிற்கவே இல்லை.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தகரப் பெட்டியோடு கடைக்கு வந்தார். புருஷன் பென்ஷன்காரர், செத்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் இருந்த இடத்தில் கரையான் மண். அட்டை மட்டும் பாதி இருக்கிறது. பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவுக் காகிதம் இல்லை. பாஸ்புக்கை மகன் எங்கேயோ போட்டுவிட்டான். ஆர்மி நம்பர் என்னவென்று கேட்டால் அந்த அம்மா, 'அதெல்லாம் அவருக்குத்தாம்பா தெரியும்' என்கிறார். நம்பர் இல்லாமல், பட்டாளத்துப் பதிவேடுகளை வைத்திருக்கும் எந்த ரெகார்ட் ஆபீசும் பதில் போடாது.

பெரியப்பா பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியில் ஒரு கிழிந்த புடவைத் துணியில் சுற்றிய மெடல் ஒன்று கிடைத்தது. 1965 சண்டைக்குக் கொடுத்த ரக்‌ஷா மெடல். வேட்டி முனையால் லேசாகத் துடைத்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, விளிம்பை மெதுவாகத் திருப்பினார். 'எழுதிக்கோ' என்றார். ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். நம்பர், ரேங்க், பேர், எல்லாம் அந்த விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ரெகார்ட் ஆபீசுக்கு எழுதி, பதில் வாங்கி, பென்ஷன் வருவதற்குள் பல மாசம் ஆனது. ஆனால் வந்தது. நிலுவையோடு சேர்த்து.

வீட்டில் தாத்தாவின் மெடல் இருந்தால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேயத் தேய அந்த எழுத்து போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, விளிம்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். அது போதும்.

அவரோடு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒன்று புரிந்தது. பென்ஷன் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஒரு எழுத்து போதும். கல்யாணம் ஆனதும் மனைவி பேரை யூனிட்டில் சொல்வார்கள், அங்கே ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதுவார். 'அம்மாள்' என்பது 'அம்மா' ஆகியிருக்கும். கூப்பிடும் பேர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் அதற்கும் மேலே இனிஷியலை விரித்து இன்னொன்று. பிறந்த தேதி இன்னும் மோசம். பாதிப் பெண்களுக்குத் தேதியே கிடையாது, ஆதார் எடுக்கும்போது ஜனவரி 1 என்று போட்டுவிட்டிருப்பார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்வரை இது எதுவும் தெரியாது. அவர் போன மறுமாசம்தான் தெரியும்.

அதனால் பெரியப்பா செத்தவர் வீட்டைவிட உயிரோடிருப்பவர் வீட்டுக்குத்தான் அதிகம் போனார். எழுபது வயதுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் இவர் போய், 'யோவ், பி.பி.ஓ.வை எடு, சம்சாரம் பேரைப் படி' என்பார். அபசகுனமாகப் பேசுகிறான் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாசம் அதே வீட்டுக்கு மறுபடி போனார். எனக்கென்றால் ரோஷம் வந்திருக்கும்.

அவர் பார்க்கச் சொல்வது எப்போதும் இந்த வரிசையில்தான். முதலில் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி, பிள்ளைகள் பேரும் பிறந்த தேதியும். அப்புறம் பி.பி.ஓ.வில் அதே பேர் அதே எழுத்தில் இருக்கிறதா. அப்புறம் ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தகம். ஸ்டீல் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். எங்காவது ஒன்று பிசகினால், புருஷன் உயிரோடு இருக்கும்போதே பிரமாணப் பத்திரம் எழுதி, ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புக் நகல் வைத்து, மாவட்ட நல அலுவலகம் வழியாக அந்தந்த ரெகார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் இருக்கும் வெலிங்டன். இதில் எல்லோரும் ஒரே இடத்துக்கு எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் கையெழுத்துப் போட்டுத் திருத்துவது சுலபம். அவர் போன பிறகு, 'நான்தான் அந்த அம்மா' என்று அந்தப் பெண் தன்னையே நிரூபிக்க வேண்டியிருக்கும். ஒரு அலுவலகத்தில் ஒரு அம்மாவிடம், கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டார்கள். 1961-ல் நடந்த கல்யாணம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த காலத்தில் பத்திரிகைக்கு எங்கே போவது?

வங்கிக் கணக்கு இன்னொரு விஷயம். பென்ஷன் கணக்கு மனைவியோடு சேர்ந்த கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் அல்லது உயிரோடிருப்பவர் இயக்கலாம் என்ற வகையில் இருந்தால் பிற்பாடு குடும்ப ஓய்வூதியமும் அதிலேயே வந்துவிடும். தனிக் கணக்காக இருந்தால் அலைச்சல். இதை மட்டும் சொன்னாலே சில ஆண்களுக்கு முகம் மாறும். ஏ.டி.எம். கார்டை மனைவி கையில் கொடுத்துப் பழக்கமில்லை. பெரியப்பா அவர்களிடம் நாசூக்காகவெல்லாம் பேச மாட்டார். 'பார்டர்ல நீ இருந்தப்போ வீட்டை யாருய்யா நடத்துனா?' என்று கேட்பார்.

ஸ்பர்ஷ் வந்த பிறகு அவருக்கு வேலை இரட்டிப்பானது. பழைய பென்ஷன்காரர்களின் கணக்கையெல்லாம் வங்கியிலிருந்து பாதுகாப்புத் துறையின் அந்த ஆன்லைன் முறைக்கு மாற்றினார்கள். யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு, டேட்டா வெரிபிகேஷன். எழுபது வயதுக்கு மேல் மனிதர் உட்கார்ந்து படித்தார். மவுஸைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை, அதனால் நான் அழுத்துவேன், அவர் சொல்வார். அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் பல பேரைக் காப்பாற்றியது. நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற ஆன்லைன் முறை மூலம் உயிர்ச்சான்று கொடுக்கும்போது, பென்ஷன் தருபவர் யார் என்று ஒரு இடத்தில் கேட்கும். ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகும் பழைய பழக்கத்தில் வங்கிப் பேரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ரேகை வைத்தாகிவிட்டது, ரசீதும் வந்துவிட்டது, ஆனால் சான்று போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. சில மாசம் கழித்துப் பென்ஷன் நின்றுவிடும். மாறியவர்கள் அங்கே ஸ்பர்ஷ் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி என் கடைச் சுவரில் ஒட்டினார். இன்னும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் அவருக்குத் தூக்கம் வராது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, சம்பாதிக்க முடியாத அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. ஆனால் மருத்துவச் சான்று வாங்கி அப்பா இருக்கும்போதே ரெகார்டில் ஏற்றிவிட்டால்தான் பிற்பாடு சிக்கல் இல்லை. 'நான் இருக்கேன், பார்த்துக்கறேன்' என்று சொல்கிற அப்பாக்களிடம்தான் அவர் மல்லுக்கட்டியது அதிகம்.

இதற்கெல்லாம் அவர் காசு வாங்கியதில்லை என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். முதல் பென்ஷன் வந்ததும் ஒரு அம்மா கோழி கொண்டுவந்தார். திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் அதே கோழி குழம்பாக வந்தது, அப்போது சாப்பிட்டார்.

விடியற்காலையில் அவர் வேறு ஆள். ஏரிக்கரையில் டேப் வைத்து அளந்து 400 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். நாலு சுற்று ஓடினால் 1.6 கிலோமீட்டர். ஆர்மி செலக்‌ஷனில் அதை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண் 60. புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு உயரம் 166 சென்டிமீட்டர் வேண்டும். அதில் ஒன்றும் செய்ய முடியாது, மற்றதில் செய்யலாம் என்பார். முதல் சுற்றில் பாய்ந்து ஓடுகிறவனைத்தான் அவர் அதிகம் திட்டுவார். மூன்றாவது சுற்றில்தான் ஆள் கழன்றுபோகிறான், அதைத் தனியாகப் பழகு என்று அந்த மூன்றாவது சுற்றை மட்டும் விசில் ஊதி ஓட வைப்பார். கட்டணம் கிடையாது. ஆனால் வருகிற ஒவ்வொருவனும் வாரம் ஒரு முறை ஏரி வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் வெட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கால்வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கரையில் பனை விதை போட்டதும் அந்தப் பையன்கள்தான். 2021 நவம்பரில் பாலாறும் அதன் கிளை ஆறுகளும் பொங்கி ஓடியபோது எங்கள் கால்வாய் அடைத்துக்கொள்ளாமல் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தது.

2022-ல் அக்னிபாத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபோது பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, நாலு வருஷம்தானா, பென்ஷன் இல்லையா என்று கேட்டார்கள். அவர் அரசியல் பேசவில்லை. 'போறதும் போகாததும் உன் இஷ்டம். போனா, வெளியே வரும்போது என்ன கையில் இருக்கும்னு இப்பவே படிச்சுப் பாரு. டிகிரியைக் கரஸ்ல போடு' என்றார். அவருக்கு அதில் வருத்தம் இருந்தது என்று நினைக்கிறேன். பென்ஷன் என்ற ஒன்று ஒரு வீட்டை எப்படி நிமிர்த்தும் என்பதை அவரளவுக்குப் பார்த்தவர்கள் ஊரில் இல்லை.

சண்டையைப் பற்றி அவராகப் பேசியது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தன்று பேசக் கூப்பிட்டால், பல் துலக்குவது, நேரத்துக்கு வருவது என்று ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஒரு மழை நாளில் கரண்ட் போய்க் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கொஞ்சம் சொன்னார். 1971 டிசம்பர், பாகிஸ்தான் சண்டை. ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டிக் கண்ணிவெடி வயல். அவர் இருந்த 9 எஞ்சினியர் ரெஜிமெண்டுக்கு, டாங்கிகள் போக அதில் வழி எடுத்துக் கொடுக்கிற வேலை. 15-ஆம் தேதி ராத்திரி வேலை பாதி முடிந்திருந்த நிலையில், எதிரி டாங்கிகள் நெருங்குகின்றன என்று தகவல் வந்தது. பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள் மிச்சமிருந்த வெடி வயலுக்குள்ளேயே இறங்கிப் போயின. மறுநாள் அங்கேதான் இருபத்தொரு வயது அருண் கேத்ரபால் டாங்கியோடு நின்று செத்தார், பரம்வீர் சக்ரா அவருக்கு. இவர்கள் ரெஜிமெண்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கும் மறைவுக்குப் பிறகு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

'பயமா இருந்துச்சா பெரியப்பா?' என்று கேட்டேன். 'குளிருதான்' என்றார். 'விரல் மரத்துப் போயிரும். வெடி தேடுற குச்சியை மண்ணுல சாய்வா குத்தணும், நேராக் குத்தினா வெடிமேலே அழுத்திரும். விரல்ல உணர்ச்சி இல்லாட்டி சாய்வு தெரியாது. அதான் அடிக்கடி கையைக் கக்கத்துல வெச்சுக்குவோம்.' அவ்வளவுதான். கரண்ட் வந்ததும், 'அந்த அம்மா ஆதார் நகல் ரெண்டு எடு' என்று எழுந்துவிட்டார்.

அன்றைக்கே ஒன்று செய்தேன், அதில் எனக்குத் திருப்தி. அவரிடம் இருந்த பழைய குரூப் போட்டோக்களை ஸ்கேன் செய்து பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் கொடுத்து, யார், எந்த ஊர் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பின் வரிசையில் சிலர் பேர் அவருக்கே மறந்திருந்தது. உங்கள் வீட்டில் இப்படிப் படம் இருந்தால் இந்த வாரமே உட்காருங்கள். அசல் படத்தின் முதுகில் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சில் போதும். போரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். என்ன சாப்பிட்டீர்கள், இந்தப் படத்தில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் பேச்சு தானாக வரும்.

அவர் போனது எழுபத்தாறு வயதில், ஒரு மார்கழி விடியலில். படுத்த படுக்கையெல்லாம் இல்லை. முந்தின நாள்கூடக் கடைக்கு வந்திருந்தார். சேதி பரவியதும் ஓட்டப் பையன்கள்தான் முதலில் வந்தார்கள். லீவில் இருந்த ஜவான்கள் யூனிபார்மில் வந்தார்கள். ஒருவன் தேசியக் கொடி வாங்கிவந்து உடம்பின் மேல் போர்த்தப் போனான். பெரியம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துத் தடுத்தார். 'வேணாம்பா. போர்த்தினா அவரே எழுந்து உன்னைத் திட்டுவாரு.' உண்மைதான். அதற்கு முன் பல சாவுகளில் அவரே தடுத்திருக்கிறார். அரசு மரியாதை, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் அடக்கத்துக்குத்தான் கொடி போர்த்தலாம் என்று கொடிச் சட்டத்தில் இருக்கிறது. அப்படிப் போர்த்தினாலும் காவி நிறம் தலைப்பக்கம் வர வேண்டும், கொடியைக் குழியில் இறக்கவோ எரிக்கவோ கூடாது. முன்னாள் படைவீரர் சங்கத்தார் மலர்வளையம் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அது எல்லா ஹவில்தாருக்கும் கிடைக்கிற மரியாதை. அவருக்கு அது போதும் என்றுதான் இருந்திருப்பார்.

இனி பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு படித்தவர். சாவு வீட்டுக் கூட்டம் கலைந்ததும் பீரோவிலிருந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்துவந்து என் கையில் கொடுக்கவில்லை, தானே பிரித்தார். முதல் பக்கத்தில் பெரியப்பா கையெழுத்தில் தமிழில் ஒரு பட்டியல். முதல் வேலை, இறப்பைப் பதிவு செய். 21 நாளுக்குள். பேர் பி.பி.ஓ.வில் உள்ளபடியே இருக்க வேண்டும். சான்றிதழ் கையில் வந்ததும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார். இரண்டாவது, ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவி. மூன்றாவது வரியைச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்: அடுத்த மாசம் என் பென்ஷன் கணக்கில் விழுந்தால் தொடாதே.

இந்த மூன்றாவது வரியால்தான் ஊரில் நிறைய வீடுகள் கஷ்டப்பட்டிருக்கின்றன. தகவல் போய்ச் சேரும் வரை செத்தவரின் முழுப் பென்ஷன் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். காரியச் செலவுக்கு என்று மகன் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். பிறகு அதைக் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்வார்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதோடு அகவிலைப்படி. அதிலிருந்து மாசாமாசம் பிடித்தால் கிழவி எதைச் சாப்பிடுவாள்?

பெரியம்மாவுக்கு அந்தச் சிக்கல் எதுவும் வரவில்லை. காரணம் ஃபைல் மட்டும் கிடையாது. வருஷா வருஷம் நவம்பரில், தன் உயிர்ச்சான்றைக் கொடுத்துவிட்டு வந்ததும், பெரியப்பா அவரை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். நான் செத்துட்டா முதல்ல எங்கே போவே? ஆர்மி நம்பர் சொல்லு. பி.பி.ஓ. எந்தப் பக்கம் இருக்கு? பெரியம்மா திட்டிக்கொண்டே பதில் சொல்வார். 'நல்ல நாளும் அதுவுமா இந்த மனுசனுக்கு வேற பேச்சே இல்ல' என்று என்னிடம் புலம்பியிருக்கிறார். வங்கியில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவரைக் கையெழுத்துப் போடப் பழக்கியதும், ஏ.டி.எம்.மில் தனியாகப் பணம் எடுக்க வைத்ததும் அவர்தான். ஸ்பர்ஷ் தகவலை என் கடையிலேயே ஏற்றினோம். ஆர்மி நம்பரை நான் காகிதத்தைப் பார்த்து அடிப்பதற்குள் பெரியம்மா மனப்பாடமாகச் சொல்லிவிட்டார். கேண்டீன் கார்டு, ஈ.சி.எச்.எஸ். மருத்துவ கார்டு மாற்றுவதற்கும் ஃபைலில் நகல்கள் தயாராக இருந்தன.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பையன்கள் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்க ஆசைப்பட்டார்கள். துப்பாக்கி, டாங்கி, பின்னால் எரிகிற தீ, நடுவில் பெரியப்பா. நானே டிசைன் போட்டுத் தர வேண்டியவன், எனக்கு வருமானம்தான். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் சாவுக்கு வைக்கிற ஃப்ளெக்ஸ் மூன்றாம் நாள் கிழிந்து யாரோ வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிடும். பெரியம்மாவிடம் கேட்டோம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல விசிலும், ஸ்டாப் வாட்சும், அளவு டேப்பும் வாங்கச் சொன்னார். மிச்சத்தில் பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்துக்குப் புதுக் கயிறு. பழையது நைந்து போயிருந்ததைப் பெரியப்பா முந்தின ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தாராம்.

ஏரிக்கரை ஓட்டம் நடக்கிறது. லீவில் வருகிற ஜவான்கள் மாறி மாறி விசில் ஊதுகிறார்கள், ஆள் இல்லாத வாரம் பையன்களே ஓடுகிறார்கள். கால்வாய் வேலை முன்னைப் போல் இல்லை. அரிவாளைக் கையில் கொடுத்து வாங்கும் அதிகாரம் வேறு யாருக்கும் வரவில்லை. காகித வேலையை இப்போது பக்கத்துத் தெருவில் பி.காம். முடித்த ஒரு பெண் எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா ரிட்டையர்டு நாயக், அவருடைய பி.பி.ஓ.விலேயே அம்மா பிறந்த தேதி தப்பு. அதைத் திருத்தப் போய்த்தான் இதில் இறங்கினாள். பெரியப்பாவைவிட வேகம். ஆனால் வயசுப் பெண் சொன்னால் அந்தக் காலத்து ஹவில்தார்களும் சுபேதார்களும் கேட்பதில்லை, 'உனக்கு என்னம்மா தெரியும்' என்கிறார்கள். அந்த மாதிரி ஆட்களைச் சமாளிக்கப் பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வந்து அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். பச்சை ஃபைலின் முதல் பக்கத்தை அவர் அனுமதியோடு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு இலவசம். வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கத்தையும் கொண்டுவர வேண்டும். குடும்ப விவரம் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தெரியாமல் முதல் பக்கத்தை மட்டும் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்தால் அந்தப் பெண் திருப்பி அனுப்பிவிடுகிறாள்.